வெயிலுகந்தம்மாள் வெளியே நின்ற பங்குனி

அம்மை கண்ட வீட்டுக்குள் நடுப்பகலில் அதிகச் சத்தம் இருக்காது. வாசல் நிலையில் செருகிய வேப்பங்குழை காற்றில் உரசும். பாயில் கிடக்கிற பிள்ளை மூச்சு விடும். அடுப்பில் கடுகு வெடிக்காது, அம்மியில் மிளகாய் அரைபடாது, யாரும் யாரையும் உரக்கக் கூப்பிட மாட்டார்கள். வெளியே ஊர் தன்பாட்டுக்கு வெயிலில் கிடந்து வேகும். உள்ளே ஈரத்துணியும் மஞ்சளும் வேம்பும் கலந்த மணத்தில், சுவரோடு சாய்ந்து, குழையால் பிள்ளையின் முதுகை வருடிக்கொண்டே வெயிலுகந்தம்மாள் அரைக்கண் மூடியிருப்பாள். தூக்கமா விழிப்பா என்று அவளுக்கே தெரியாது. அந்த அரைக்கண் நேரத்துக்காகத்தான் அவள் வருசாவருசம் பங்குனியை எதிர்பார்த்தாள் என்று சொன்னால் ஊரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். அவளைப் பெரிய மனசுக்காரி என்றுதான் சொல்வார்கள்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கரிசல்காட்டுக்குள் பிரிகிற ரோட்டில் நடந்தால் அவள் ஊர். ஆறு வயதில் அவளுக்குப் பெரியம்மை வார்த்தது. பிழைத்தாள். முதல் தூறல் விழுந்த புழுதி மாதிரி முகம் முழுக்கக் குழியாகிவிட்டது. பிறகு கொஞ்ச காலத்தில் அந்த நோயே உலகத்தைவிட்டுப் போனது. அந்த மாதிரி முகங்களும் ஒவ்வொன்றாக ஊரைவிட்டு மறைந்தன. கடைசியில் அவள் முகம்தான் மிச்சம்.

ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. அம்மை கண்டவரைத் தொட்டு, குழை போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆள், ஏற்கெனவே அம்மனை நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும். பார்த்ததற்குச் சாட்சி, முகத்துத் தழும்பு. தழும்பில்லாத கை பட்டால் அம்மன் கோபித்துப் பிள்ளையின் கண்ணைக் கொண்டுபோய்விடுவாள் என்று நம்பினார்கள். பெற்ற தாயானாலும் கூழைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார வேண்டியதுதான். அதனால் எந்த வீட்டில் எந்த அம்மை வந்தாலும் கூப்பிடுகிற ஆள் வெயிலுகந்தம்மாள்.

மற்ற நேரத்தில் அந்த முகத்துக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் அந்தப் பக்கத்தில் தொழிற்சாலையைச் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து அங்கே மரச்சட்டத்தில் வரிவரியாக வெட்டிய காடிகளில் தீக்குச்சி அடுக்கினாள். பக்கத்தில் இருப்பவள் ஒருநாள், "ஏட்டி, சட்டம் எதுக்கு? உன் மூஞ்சியிலேயே அடுக்கிரலாம் போலுக்கே" என்றாள்.

"அடுக்கு. பத்திக்கிட்டா உன் மாராப்புதான் மொதல்ல எரியும்" என்றாள் வெயிலுகந்தம்மாள், தலையைத் தூக்காமல்.

கலியாணமும் தள்ளித் தள்ளிப் போனது. கடைசியில் சங்கரபாண்டியன் வந்தார். அவருக்கு ஏன் அதுவரை பெண் கிடைக்கவில்லை என்பது தாலி கட்டிய அன்றே தெரிந்தது. மனிதர் வாய் மூடமாட்டார். உளுந்து விதைக்கப் போனால் மேகத்தோடு பேசுவார், ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால் ஆட்டோடு பேசுவார், ஒன்றும் கிடைக்காவிட்டால் நேற்றுப் பேசினதையே இன்றைக்கும் பேசுவார். நல்ல மனிதர். ஒருநாள் கையை ஓங்கியதில்லை. ஆனால் பகலெல்லாம் ஆபீஸ் இரைச்சல், வீட்டுக்கு வந்தால் இவர். அம்மை கண்ட வீட்டு வாசலுக்கு மட்டும் அவரால் வர முடியாது. தெருக்கோடியில் நின்று, சாப்பிட்டாயா என்று கையால் கேட்பார். அவளும் கையாலேயே பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். அப்படி எத்தனையோ நடுப்பகல்களை அவள் பிறர் வீட்டுப் பிள்ளைகளின் மூச்சை எண்ணாமல் கேட்டபடி கழித்தாள்.

இரண்டாயிரத்து எட்டு ஆடியில் இருமல் பிடித்தது. காற்றில் கரிசல் புழுதி பறக்கிற மாதம், எல்லோரும்தான் இருமினார்கள். ஆவணியில் காற்று நின்றது. மற்றவர்கள் இருமலும் நின்றது, அவளுடையது நிற்கவில்லை. ஒருநாள் முந்தானையில் வாயைத் துடைத்தபோது சிவப்பாக ஒரு கீற்று. கோவில்பட்டியில் படம் எடுத்தார்கள். வலது நெஞ்சின் மேலே ஒரு வெள்ளைப் பொட்டு. அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள்.

மதுரையில் பார்த்தது பூங்கொடி என்ற இளம் டாக்டர். புற்றுநோய் என்ற வார்த்தையைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு, "வீட்டுல யாரும் பீடி சிகரெட் குடிக்கீங்களா?" என்று கேட்டாள்.

சங்கரபாண்டியன் எழுந்தே விட்டார். "நான்தான் குடிக்கேன். இருவது வயசுல தொட்டது. பீடி எனக்கு, கட்டி இவளுக்கா? இது என்ன நியாயம் டாக்டரம்மா?"

"உக்காருங்க அண்ணாச்சி. தானாக் குடிக்காதவங்களுக்கும் வருது. ஏன்னு எல்லாத்துக்கும் எங்கிட்ட பதில் கிடையாது. ஆனா அந்தப் பீடியை இன்னைக்கே விட்டுருங்க."

"நீங்க எந்த ஊரு?" என்று கேட்டாள் வெயிலுகந்தம்மாள். டாக்டரின் பேச்சு அவளுக்குப் பழக்கமான பேச்சாக இருந்தது.

"நாகலாபுரம்."

"அப்பச் சரி" என்றாள், அதோடு எல்லாம் முடிவாகிவிட்ட மாதிரி.

ஐப்பசி அடைமழையில் நுரையீரலின் மேல்பகுதியை வெட்டி எடுத்தார்கள். காயம் ஆறித் தையல் பிரிக்க வந்தபோது அவள் ஒன்று கேட்டாள். "எடுத்ததை எங்க வச்சிருக்கீங்க? நான் பாக்கணும்."

"எதுக்கு?"

"அம்மை முத்தைக் கண்ணால பாக்காம எந்த வீட்டுலயும் நான் குழை போட்டதில்ல."

டாக்டர் சிரித்துவிட்டாள். அவளைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிப்போய் ஒரு நுண்ணோக்கிக்கு முன்னால் உட்காரவைத்தாள். குனிந்தபோது முதலில் தன் இமைமுடிதான் தெரிந்தது. பிறகு மெல்ல ஒரு நிலம் விரிந்தது. ரோஜா நிறத்தில், பனி மூடின காடு மாதிரி. நடுநடுவே கட்டி கட்டியாய், மண்ணாங்கட்டியைக் கொட்டிவைத்தாற்போல் நெருங்கிய இடங்கள். அவற்றைச் சுற்றி, சோளக்காட்டில் இறங்கின குருவிக்கூட்டம் மாதிரி, சின்னச் சின்ன நீலப்புள்ளிகள். எண்ணி மாளாது.

"கட்டி கட்டியா இருக்குல்லா, அதான் நோயி. சுத்தி நீலமா இருக்கது உங்க ஆளுக."

"எங்க ஆளுகளா?"

"உங்க ரத்தத்துல உள்ள காவல் செல்லுக. அதுல ஒரு வகைக்கு ஞாபகம் உண்டு. ஒரு நோயை ஒருதடவை பாத்துட்டா மறக்காது. அடுத்த தடவை வாசல்லயே பிடிச்சிரும். ரத்தத்தோட சுத்திக்கிட்டே இருக்கது கொஞ்சம். வேற கொஞ்சம் சுத்தாம, நுரையீரலுக்குள்ளயே குடியிருந்துரும் போலுக்குன்னு இப்ப சொல்லுதாக."

வெயிலுகந்தம்மாள் கண்ணை எடுக்கவில்லை. "இத்தன பேரு இருந்துமா கட்டி வந்துச்சு?"

"கட்டி வெளியாளு இல்லைல்லா? காய்ச்சல் கிருமின்னா அந்நியம், பாத்ததும் தெரிஞ்சிரும். இது நம்ம செல்லுதான், உள்ளுக்குள்ள கொஞ்சம் மாறிப்போனது. நம்ம முகத்தோடயே நடமாடும். இவுக சந்தேகப்பட்டுச் சுத்தி நிக்கத்தான் செய்யுதாக. அடிக்கலாமா வேண்டாமான்னு திகைச்சுப் போயிருவாக. கட்டியும் லேசுப்பட்டதில்ல, இவுக கையைக் கட்டிப்போடப் பாக்கும்."

"அப்ப இவியளால புண்ணியமில்ல."

"அப்படிச் சொல்லாதீங்க. இந்த நீலக்கூட்டம் நெறையா இருந்த கட்டியை எடுத்தவங்க கூடுதல் நாள் நல்லாருக்காகன்னு இப்பதான் ஒண்ணொண்ணா எழுதுதாக. உறுதியாச் சொல்ல இன்னும் நாளாகும். கட்டியை நாங்க எடுத்துட்டோம். கண்ணுக்குத் தெரியாம ஒரு பொடி எங்கயாவது தப்பிப் போயிருந்தா, அது முளைக்கும்போது அடையாளம் காட்ட வேண்டியது இவுகதான்."

"அவியளுக்குச் சாப்பாடு?" என்று கேட்டாள் வெயிலுகந்தம்மாள். டாக்டர் பதில் சொல்வதற்குள், "நான் சாப்பிட்டா அவியளும் சாப்பிட்ட மாதிரிதான்" என்று தானே சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

தப்பிய பொடிக்கென்று மருந்து ஏற்றினார்கள். கார்த்திகையில் தொடங்கி மாசி வரைக்கும் மதுரைக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. முடி கொட்டியது. நாக்கில் இரும்பு ருசி. ஏற்றிவிட்டு வந்தால் இரண்டு மூன்று பகல் அவள் கட்டிலில் கிடந்தாள். சங்கரபாண்டியனின் பேச்சு எங்கோ தூரத்துக் கோயில் ஒலிபெருக்கி மாதிரி கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பகல்களில் ஒரே கனவு, கொஞ்சம் கொஞ்சம் மாறி மாறி வந்தது.

கனவில் அவள் தன் நெஞ்சுக்குள் நடப்பாள். உள்ளே கரிசல்காடு. அறுவடை முடிந்து, மண் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று மேலே வந்து திரும்பக் கீழே போகும். அதுதான் தன் மூச்சு என்று அவளுக்குத் தெரியும். கானலில் தூரத்துப் பனைமரங்கள் தண்ணீரில் நிற்பது மாதிரி நிற்கும். காடெங்கும் நீலச்சேலை உடுத்தின பெண்கள், ஆளுக்கொரு வெடிப்போரம் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தியும் பேசமாட்டாள். ஒவ்வொருத்திக்கும் எதையோ ஒன்றை மறக்காமல் வைத்திருப்பதுதான் வேலை. ஒருத்தி எப்போதோ வந்த சளிக்காய்ச்சலை மடியில் வைத்திருப்பாள், இன்னொருத்தி பழைய கக்குவான் இருமலை.

அப்போது வரப்பில் ஒருத்தி வருவாள். வெயிலுகந்தம்மாளின் நடை, வெயிலுகந்தம்மாளின் சேலை. முகம் மட்டும் வழுவழுவென்று இருக்கும். ஒரு குழி கிடையாது. விடலைப் பருவத்தில் கண்ணாடியை இருட்டுக்குத் திருப்பிவைத்துக் கற்பனையாகப் பார்த்துக்கொண்ட அதே முகம். எவ்வளவு அழகு! நீலச்சேலைக்காரிகள் நிமிர்ந்து பார்த்து, நம்ம ஆள்தான் என்று ஒதுங்கி வழிவிடுவார்கள். அவள் போகிற இடமெல்லாம் மண் கட்டியாகும்.

வெயிலுகந்தம்மாளுக்குக் கத்த வேண்டும்போல இருக்கும். அந்த முகத்தின்மேல் ஆசையும் விடாது. கடைசியில், காட்டின் மூலையில் உட்கார்ந்திருந்த ஒருத்தி எழுந்து வந்து, கையை நீட்டி, அந்தக் கன்னத்தைத் தடவிப் பார்ப்பாள். விரல் ஒன்றிலும் தட்டாமல் வழுக்கும். "இது அவ இல்ல" என்று அவள் சொன்னதும் காடு முழுக்கச் சேலைகள் எழும்புகிற சரசரப்பு கேட்கும். அந்த இடத்தில் எப்போதும் விழிப்பு வந்துவிடும்.

மாசிக் கடைசியில் மருந்து முடிந்த அன்று டாக்டர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு, காய்ச்சல்காரர் பக்கம் போகாதீர்கள் என்றாள். சங்கரபாண்டியனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"பங்குனி வருதே டாக்டரம்மா! ஊர்ல அம்மை வந்தா இவதானே போகணும். இவ கை பட்டாத்தான் முத்து இறங்கும். முப்பது வருசமாப் போறா, இவளை ஆத்தா ஒரு கொப்புளம்கூட..."

"போகவே கூடாது" என்றாள் டாக்டர்.

"எனக்குத்தான் ஏற்கெனவே வந்துட்டே. ரெண்டாந்தடவை வராதுல்லா?" என்றாள் வெயிலுகந்தம்மாள். "நீங்கதானே சொன்னீங்க, ஒருதடவை பாத்துட்டா மறக்காதுன்னு."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப்போட்டாள். "உங்களுக்கு வந்தது பெரியம்மை. இப்ப ஊர்ல வாரது சின்னம்மை. ரெண்டும் வேற வேற நோயி. பேருதான் ஒண்ணுபோல. பெரியம்மையை ஞாபகம் வச்சிருக்க செல்லுக்குச் சின்னம்மையை யாருன்னே தெரியாது."

சங்கரபாண்டியன்கூடப் பேசவில்லை.

"அப்ப முப்பது வருசமா எனக்கு எப்படி வரலை?"

"வந்திருக்கும். சின்ன வயசுலயோ, மொதல் மொதல்ல போனப்பவோ, லேசா வந்து போயிருக்கும். உடம்பு அப்பவே படிச்சிக்கிட்டிருக்கும்."

வெயிலுகந்தம்மாளுக்கு நினைவு வந்தது. கலியாணமான புதிதில் முதல் முதலாக ஒரு வீட்டுக்குப் போய்வந்த பிறகு காய்ச்சலடித்தது. தலைமுடிக்குள் மூன்று கொப்புளம். சூட்டுக்கொப்புளம் என்று மாமியார் விளக்கெண்ணெய் தடவிவிட்டாள்.

"அந்த ஞாபகம் உங்க உடம்புல இப்பவும் இருக்கும். ஆனா நாங்க ஏத்துன மருந்து நோயை மட்டும் அடிக்காது, இவுகளையும் சேத்து அடிக்கும். திரும்ப ஆள் சேர மாசக்கணக்காகும். இந்த நேரம் அம்மை வீட்டுக்குள்ள போயி உக்காந்தீங்கன்னா, நுரையீரல்லயே இறங்கிரலாம். வெட்டுன நுரையீரலை வச்சுக்கிட்டுத் தாங்கமாட்டீங்க. கட்டிக்குப் பிழைச்சவங்க இதுக்குப் போயிரக் கூடாது."

திரும்புகிற பஸ்ஸில் சங்கரபாண்டியன் சாத்தூர் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "ஏட்டி, அப்ப உன் மூஞ்சி சும்மாவா?" என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காட்டில் காய்ந்த பருத்திமாரைப் பிடுங்கிக் குவித்திருந்தார்கள். அந்த முகத்தால் அவளுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். அதற்கும் முகம் காரணமில்லை என்று ஆகிவிட்டது. அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

பங்குனி பிறந்து கொஞ்ச நாளில் பேச்சிராஜா வீட்டில் அம்மை வந்தது. பேச்சிராஜா தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஓட்டுகிறவன். அவன் மனைவி ராமலட்சுமி மாசமாக இருந்ததால் அவளை அன்றே கடம்பூரில் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டான். கர்ப்பிணி அம்மை வீட்டில் இருக்கக் கூடாது. மகள் விஜி பாயில் கிடந்தாள். ஏழு வயது. உடம்பெல்லாம் முத்து.

வெயில் ஏறின நேரத்தில் அவன் செருப்பில்லாமல் வந்து வெயிலுகந்தம்மாள் வீட்டு முன்னால் நின்றான்.

"சித்தி."

"ஏலே, உனக்குத் தெரியாதா? டாக்டரம்மா சொல்லியிருக்காக" என்று சங்கரபாண்டியன் குறுக்கே வந்தார்.

"தெரியும் சித்தப்பா. நான் உள்ளாறக் கூப்பிடல. பிள்ளை ராத்திரியிருந்து அனத்துது. மேல கை வைக்க எனக்குப் பயமாருக்கு. கூழை மட்டும் பக்கத்துல வச்சுட்டு வந்துருதேன். வாசல் வரைக்கும் வந்து ஒரு பார்வை பாத்துட்டா..."

வெயிலுகந்தம்மாள் மொட்டைத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு இறங்கினாள். பார்க்க மட்டும்தான் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அவள் காலுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு வேகமாக நடந்தது.

அவன் வீட்டெதிரே நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். சுடலைச்செல்விதான் முதலில் வாயைத் திறந்தாள். "வா மயினி. மதுரைக்குப் போய்ட்டு வந்ததும் ஆத்தாளைவிட டாக்டர் பெரிசாயிருச்சோன்னு நெனச்சேன்."

வெயிலுகந்தம்மாள் அவளைத் தாண்டிப் போனாள். வாசலில் வேப்பங்குழை தொங்கியது. கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து ஈரச்சாணமும் வேம்பும் கலந்த குளிர்ச்சி வந்து அவள் காலைத் தொட்டது. இருட்டு பழகியதும் பாயில் பிள்ளை தெரிந்தாள். உதடு காய்ந்து கிடந்தது. கை தன்பாட்டுக்குக் கழுத்தைச் சொறிந்தது. அந்தக் கையைப் பிடித்து இறக்க வேண்டும். ஈரத்துணியைப் பிழிந்து போட வேண்டும். பிறகு சுவரோடு சாய வேண்டும். ஆறேழு மாதமாக ஆஸ்பத்திரிச் சத்தத்திலும் பஸ் சத்தத்திலும் வதங்கிய உடம்பு அந்த இருட்டுக்குள் போய் விழுந்துவிடத் துடித்தது. பிள்ளைக்காகவா, தனக்காகவா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தாள்.

நெஞ்சில் தையல் போட்ட இடம் சுரீரென்று இழுத்தது. உள்ளே சேலைக்காரிகள் கொஞ்சப் பேர்தான் இருப்பார்கள் இப்போது. மீதி வெடிப்புகள் ஆளில்லாமல் கிடக்கும் என்று நினைத்தாள். என் முகத்துக்கு இந்தச் சின்னம்மைக்காரியைத் தெரியாது, அதற்கு வந்தவள் வேறு. அப்படியென்றால் இவளைத் தெரிந்தவர்கள் யார்?

கால் படியிலேயே நின்றது. அவள் திரும்பிப் பேச்சிராஜாவைப் பார்த்தாள். இடது புருவத்துக்குமேல் அவனுக்கு ஒரு சின்னக் குழி உண்டு.

"ஏலே, இங்க வா. இந்தக் குழி எப்படி வந்துச்சு?"

அவன் தடவிப் பார்த்தான். "சின்னப்பிள்ளையில அம்மை வந்தப்ப... நீங்கதானே சித்தி பாத்தீங்க. கையில துணியைச் சுத்திக் கட்டி வச்சிருந்தீங்க. அவுத்துட்டுச் சொறிஞ்சுட்டேன்."

"வைதேனா?"

"காதோட காதா வஞ்சீங்க. இன்னும் மறக்கலை."

"அப்ப ஆத்தா உங்கிட்டயும் வந்திருக்கால்லா?"

"அது ஒண்ணே ஒண்ணுதானே சித்தி. உங்க முகம் மாதிரியா?"

"என் முகத்துக்கு வந்தவ வேற. அவ போயிட்டா, இனிமே வரவே மாட்டா. இப்ப வாரவளை எனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு உனக்கும் தெரியும். உன் உடம்பு அவளை மறந்திருக்காது. நீ உள்ள போ."

"நானா?" அவன் பின்வாங்கினான். "கண்ணு போயிருச்சுன்னா?"

பெண்கள் முணுமுணுத்தார்கள். "ஆம்பளை குழை போடுறதாம்" என்றாள் சுடலைச்செல்வி. "ஊரு எங்க போகுதுன்னே தெரியலை."

"நீ பேசாதட்டி. உனக்கு இடுப்புல மூணு இருக்கு. வலது பக்கம். இவளுக்கு முதுகுல. அந்தா நிக்காளே, அவளுக்கு எங்கன்னு சொல்லட்டுமா?"

அந்தா நின்றவள் சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள். யாரோ சிரித்தார்கள்.

"இந்த ஊர்ல பாதிப் பேரு முதுகு எனக்குத் தெரியும். அத்தன பேரையும் அவ பாத்திருக்கா. மூஞ்சியிலதான் இருக்கணும்னு எந்த ஆத்தா வந்து சொன்னா?" சொல்லி முடித்தால் அந்த வீடு இனித் தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. காலைப் படியிலிருந்து எடுத்தாள்.

"பேச்சிராஜா, கையைக் கழுவிட்டுப் போ. நான் இங்கனதான் நிக்கேன். சொல்லச் சொல்லச் செய்யி. காய்ச்சல் கூடிச்சுன்னாலோ மூச்சு வாங்குச்சுன்னாலோ யோசிக்காத, வேனை எடுத்துக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோயிரு. ஆத்தா ஆஸ்பத்திரிக்கும் வருவா."

அவன் உள்ளே போனான். தண்ணீர் சலசலத்தது. கொஞ்ச நேரத்தில் விஜியின் குரல் கீச்சென்று கேட்டது. "யப்பா, வாசல்ல நிக்க ஆச்சி ஏன் உள்ள வரலை?" அவன் ஏதோ சொன்னான். பிறகு அழுகை குறைந்தது.

சங்கரபாண்டியன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து, எதிர்ச்சாரியில் மஞ்சணத்தி மர நிழலில் போட்டார். அன்றிலிருந்து அவள் இடம் அது. அங்கிருந்து பேசினால் உள்ளே கேட்காது. கத்த வேண்டும். அம்மை கண்ட வீட்டை நோக்கி அவள் வாழ்நாளில் குரல் உயர்த்தியதில்லை. இப்போது ஓயாமல் உயர்த்தினாள். "துணியை ஒட்டப் பிழியாதலே!" "வருடுலே, தேய்க்காத, அது என்ன வண்டியா?" இடையிடையே அவன் தலை கதவுக்கு வெளியே நீண்டு, "இப்படியா சித்தி?" என்று கையசைத்துக் காட்டிவிட்டு உள்ளே போகும்.

மதியத்தில் தெரு அடங்கும் நேரம் அவளுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. கதவுக்குப் பின்னால் அந்தக் குளிர்ச்சி இருக்கிறது. இவள் வெளியே, பக்கத்தில் பேசிக்கொண்டே இருக்கிற கணவனோடு. ஒருநாள் அவரிடம் செல்போனைக் கேட்டு வாங்கி, மரத்துக்குப் பின்னால் போய் டாக்டரைக் கூப்பிட்டாள்.

"நான் உள்ள போகலை டாக்டரம்மா."

"நல்ல காரியம் செஞ்சீங்க. காய்ச்சல் இருக்கா?"

"இல்லை. அழுகைதான் வருது."

"போகணும்னு இருக்கா?"

"இருக்கு. பிள்ளைக்காக இல்ல. அவன் நல்லாத்தான் பாக்கான். எனக்கு அங்கன போயி உக்காரணும். அவ்வளவுதான். இதை யாருட்ட சொல்ல?"

"எங்கிட்ட சொல்லிட்டீங்கள்லா? அடுத்த வருசம் உடம்பைப் பாத்துட்டுப் பேசுவோம்."

"அடுத்த வருசம் இருப்பேனா?"

"தெரியாது" என்றாள் டாக்டர். அவள் நாகலாபுரத்துப் பேச்சிலேயே சொன்னதால் அது கேட்கக் கஷ்டமாக இல்லை. "இருக்கணும்னுதானே வெளிய நிக்கீங்க."

வெயிலுகந்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். குழி குழியாகத் துடைக்க வேண்டியிருந்தது, எப்போதும் அப்படித்தான். நாற்காலிக்குத் திரும்பிவந்து உட்கார்ந்து, மூச்சை நிதானமாக இழுத்தாள். வலது பக்கம் பாதிதான் நிறைந்தது. அது போதும் என்று தோன்றியது, கத்துவதற்கு.

"ஏலே பேச்சிராஜா, பிள்ளைக்கு மோர் குடுத்தியா?"

"குடுத்தாச்சு சித்தி!"

"உப்புப் போடலைல்லா? அம்மைக்கு உப்பு ஆகாதுலே!"

"போடலை சித்தி!"

"போட்டாரு!" என்றது உள்ளேயிருந்து விஜியின் குரல், நல்ல தெம்பாக. "நான்தான் போடச் சொன்னேன்!"

தெருவே சிரித்தது. "நாளைக்குப் போடாதலே" என்று சொல்லத் தொடங்கிய வெயிலுகந்தம்மாளுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. தையல் தழும்பை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கணவனின் தோளைப் பற்றியபடி, வெயில் தாழும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.